ஒற்றை விசில்

போன மாதம் முசிறிக்குப் போகிற பஸ்ஸில் ஒரு இளம் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் ஒரு காலத்தில் இதே ரோட்டில் டிக்கெட் கிழித்தவன் என்று அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். "ஐயா, வாத்தலை தாண்டி ஒரு ஸ்டாப்பிங் இருக்குங்களே, அங்க வீடு கிடையாது, கடை கிடையாது, ஒரு பேருகூடக் கிடையாது. அங்க எக்ஸ்பிரஸ் நிக்கணும்னு யாருங்க வச்சது?" என்று கேட்டார். இனி அங்கே நிற்க வேண்டாம் என்று பேச்சு நடக்கிறதாம். எனக்குக் கோபம் வந்தது. இறங்கும் இடம் வந்துவிட்டதால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வண்டியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற சமாசாரமும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

லால்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் தம்பிகள் அதிகம், நிலம் குறைவு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு திருச்சியில் ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்தில் வாடகைக்கு அறை. டிக்கெட் கிழிக்கவும், ஓடுகிற வண்டியில் இரண்டு கையையும் விட்டு நிற்கவும், குடித்துவிட்டு ஏறியவரை இறக்கவும் கற்றுக்கொண்டது சில மாதங்களில் முடிந்தது. விசில் ஊதக் கற்பதற்குத்தான் நாளாயிற்று. ஊதுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. அவ்வளவுதான் பாடம். ஆனால் விசிலுக்குள் ஒரு தக்கை உருண்டை கிடக்கும். அது உருளுகிற விதத்தில் ஒவ்வொருவர் விசிலும் ஒவ்வொரு மாதிரி பேசும். பழகிய டிரைவர் கூட்டத்திலும் தன் கண்டக்டரின் விசிலைத் தனியாகக் கண்டுபிடித்துவிடுவார்.

கம்பெனி அப்போதுதான் எக்ஸ்பிரஸ் வண்டிகளை விடத் தொடங்கியிருந்தது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், அரியலூர், கரூர், நாமக்கல் என்று நாலாபக்கமும். பெரிய ஊர்களில் மட்டும் நிற்கும். நடுவில் எவர் கைகாட்டினாலும் நிற்காது. முதன்முதல் எனக்குக் கிடைத்தது அரியலூர் எக்ஸ்பிரஸ். லால்குடி தாண்டிப் போகும்போது என் சொந்தத் தாய்மாமன் ரோட்டோரத்தில் துண்டை வீசிக்கொண்டு நின்றார். மருமகன் வண்டி, நிற்காமலா போகும் என்ற நம்பிக்கை. வண்டி நிற்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டில் எனக்கு இலை போட்டார்கள், ஆனால் ஒருவரும் பேசவில்லை. மாமன் மட்டும் வாசலில் நின்று, "தம்பி எக்ஸ்பிரஸ், சீக்கிரம் சாப்புடச் சொல்லுங்க, நடுவுல நிக்காது" என்றார்.

இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டவர் எங்கள் மேனேஜர். ஸ்ரீரங்கத்து ஐயங்கார். நெற்றியில் பளிச்சென்று திருமண், வெள்ளை வேட்டி, மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை. நாங்கள் 'சாமி' என்று கூப்பிடுவோம். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தியிருந்தால் தேவலை. நாம் ஏதாவது சமாதானம் சொன்னால், அதையே வார்த்தை மாறாமல் மெதுவாகத் திருப்பிச் சொல்லுவார். "டயர் பஞ்சர் ஆச்சுங்க சாமி" என்போம். "டயர் பஞ்சர் ஆச்சு" என்பார். அப்புறம் ஒன்றும் பேசமாட்டார். நம் வாயிலிருந்து வந்தது நமக்கே பொய்யாகத் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில் அவர் குடைத்துணியின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருப்பார்.

எக்ஸ்பிரஸ் டிரைவர்களுக்கு அவர் சொன்ன கட்டளை ஒன்றுதான். "ரோட்டோரத்தைப் பாக்காதேயும். பாத்தா மனசு எளகும். எளகினா கால் பிரேக்குக்குப் போகும். ஓரம் கண்டக்டரோடது. உமக்கு எதிர்ல இருக்கிற ரோடு மட்டுந்தான்." டிரைவர்கள் கொஞ்ச நாளில் அப்படியே பழகிவிட்டார்கள். வண்டி மாடுகளுக்குக் கண்ணின் ஓரத்தில் மறைப்புக் கட்டுவார்களே, அந்த மாதிரி.

அறுபதுகளின் ஆரம்பத்தில் என்னை நாமக்கல் எக்ஸ்பிரஸுக்கு மாற்றினார்கள். ஸ்ரீரங்கம், முசிறி, தொட்டியம், நாமக்கல். காவிரியின் வடகரையை ஒட்டிய ரோடு. டிரைவர் காதர் பாய், பாலக்கரைக்காரர். யுத்த காலத்திலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர். வண்டியை எடுக்கும் முன் பிஸ்மி சொல்லுவார், பிறகு வண்டியில் மாட்டியிருந்த சாமி படத்துக்கு நான் கொளுத்தும் ஊதுவத்தி அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொள்வார். எனக்கு முன்னால் அவருடன் செல்லையா என்பவர் கண்டக்டராக இருந்திருக்கிறார். ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டார் என்று மட்டும் தெரியும். ஏன் என்று கேட்டால் ஷெட்டில் எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

நான் சேர்ந்த புதிதில், ஒரு நாள் மத்தியானம் நாமக்கல்லிலிருந்து திரும்பி வருகிறோம். முசிறியைத் தாண்டியாயிற்று. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். திடீரென்று பாய் பிரேக் போட்டார். பிரயாணிகள் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் ஓடிப்போய், "என்ன பாய், மாடு குறுக்க வந்துச்சா?" என்றேன்.

"நீதான ஊதுன?" என்றார்.

"நான் ஊதலையே."

பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. போகும்போது ஒன்றுமில்லை, திருச்சிக்குத் திரும்பி வரும்போதுதான். விளையாட்டுக்கு எவனோ ஊதுகிறான் என்று நினைத்து பஸ்ஸில் இருந்தவர்களை உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு நாள் என் விசிலைக் கழற்றி பாயிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் போட்டுக்கொண்டார். அப்போதும் வண்டி அங்கே நின்றது. பாயின் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. "ஒன் விசில் இல்ல தம்பி. ஒன்னோடது புதுசு, கிளி மாதிரி கத்தும். இது வறட்டுச் சத்தம். அல்லா மேல ஆணையா சொல்றேன், இது செல்லையா விசிலு" என்றார்.

வயதான மனிதர், வெயில், காது ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. அந்த இரக்கம் அடுத்த வாரம் வரைதான்.

அன்றைக்கு நான் பின்படிக்கட்டில் நின்றுகொண்டு வந்தேன். வெயில் வெள்ளையாக எரிந்தது. ஒரு வாழை இலைகூட ஆடவில்லை. பின்சீட்டில் விடாமல் அழுதுகொண்டு வந்த ஒரு கைக்குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. விசில் ஊதுமுன் நாங்கள் மூச்சை உள்ளே இழுப்போம். அந்த இழுப்புச் சத்தம் முதலில் கேட்டது, என் காதுக்குப் பக்கத்தில், என் வாய் இருக்கும் உயரத்தில். பிறகு விசில். தக்கை இல்லாத விசில் போல, நடுக்கமில்லாமல், ஒரே நீளமாக.

வண்டி நின்றது. படிக்கட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கண்ணாடியில் பாயின் கண்கள் என்னைப் பார்த்தன. நானும் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் முகத்தில் அப்போது வந்தது நிம்மதி. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த ஓய்வு நாளில் செல்லையாவைத் தேடிக்கொண்டு போனேன். தொட்டியத்தில் ஒரு வாழை மண்டியில் தார் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். திடகாத்திரமான ஆள். இவர் செத்துப்போயிருப்பாரோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகத்தோடு போனவன் நான். அவர் என்னை உட்காரச் சொல்லி மோர் வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார்.

"அந்த எடத்துல ஒரு பொம்பள நின்னுச்சுங்க" என்றார். "நெறமாசம். வலி கண்டுருச்சு. அவ அம்மா தாங்கிப் புடிச்சுக்கிட்டிருந்தது. அந்தப் புள்ளையே ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுச்சு. திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், வேறென்ன? நான் ஊதுனேன். ஒத்த விசில். பாய் நிறுத்தல."

"ஏன்?"

"அதுக்கு முந்தின மாசந்தான் ஒரு கெழவருக்காக நிறுத்தி, பாய்க்கு சஸ்பெண்டு. இன்னொரு தடவை நின்னா வண்டியே கெடையாது, ஷெட்டுல கழுவ வேண்டியதுதான்னு சாமி சொல்லியிருந்தாரு. பாயைத் தப்பு சொல்ல மாட்டேன். அவரு ரோட்டத்தான் பாத்தாரு, ஓரத்துல யாரு நின்னாங்கன்னு அவருக்குத் தெரியாது. என் விசில் மட்டுந்தான் கேட்டுச்சு. அந்தப் புள்ளைய அப்புறம் மாட்டுவண்டியில ஏத்தியிருக்காங்க. தாயும் தங்கல, குழந்தையும் தங்கல." அரிவாளை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு, "விசில சாமி மேசையில வச்சுட்டு வந்துட்டேன். உருண்டை தேஞ்சுபோன விசிலு அது, என்னமோ ஒப்பாரி மாதிரி கத்தும்" என்றார்.

திருச்சிக்குத் திரும்பி வந்தபோது செக்கிங் இன்ஸ்பெக்டர் புகார் கொடுத்திருந்தார். எக்ஸ்பிரஸ் தினமும் காட்டில் நிற்கிறது, டிரைவருக்குக் காது சரியில்லை, மூளையும் சரியில்லை என்று பிரயாணிகள் சொல்கிறார்களாம். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பாயின் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த சமயம். 'எக்ஸ்பிரஸ் டிரைவர்' என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். பைத்தியம் என்று பேர் வந்தால் வண்டியும் போகும், சம்பந்தமும் போகும். அறைக்குள் நுழையுமுன், "நான்தான் ஊதினேன்னு சொல்லிடறேன் பாய். எனக்கு அபராதம் போடுவாங்க, அவ்வளவுதான" என்றேன்.

"வேணாம். பொய் சொல்லி ஓட்டுற வண்டி எனக்கு வேணாம்" என்றார்.

உள்ளே மேனேஜர் குடையை மேசைமேல் வைத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"யார் ஊதினா?"

"செல்லையா விசிலு சார்" என்றார் பாய்.

"செல்லையா விசில்" என்றார் மேனேஜர். அவர் விரல் மடிப்பில் அப்படியே நின்றது. செல்லையா தொட்டியத்தில் இருப்பதும், அவருடைய விசில் இதே மேசையின் இழுப்பறையில் இருப்பதும் அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"எனக்கும் கேட்டுச்சுங்க சாமி" என்றேன்.

அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. "நாளைக்கு நான் வறேன். ஒண்ணும் கேக்கலேன்னா, பாய், நீர் சாவியைக் குடுத்துடணும். ஷெட்ல வேலை தறேன். அதுக்குமேல என்னால முடியாது" என்றார்.

மறுநாள் நாமக்கல்லில் எங்கள் வண்டியில் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். என் விசிலைக் கேட்டு வாங்கினார். மடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே பித்தளை கறுத்துப்போன ஒரு பழைய விசில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து முடிந்து, ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். தொட்டியம் வந்தது. முசிறி வந்தது. பாய் வழியெல்லாம் உதடு அசைய ஓதிக்கொண்டே வந்தார். எனக்கு வேண்டிக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று வேண்டுவதா, கேட்கக்கூடாது என்று வேண்டுவதா?

வாழைத்தோட்டம் தொடங்கியது. பஸ்ஸில் பேச்சுச் சத்தம் தானாக அடங்கியது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு கிழவி மெல்லுவதை நிறுத்தினாள். நான் வேண்டுமென்றே நடுவில் நின்றேன், எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு கையையும் மேல்கம்பியில் வைத்துக்கொண்டு.

பின்படிக்கட்டில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு அந்த விசில்.

வண்டி நின்றது. பிரயாணிகள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் திரும்பவில்லை. ஆனால் அவருடைய வலது கை பட்டென்று ஜிப்பாப் பைக்குப் போய், அந்த முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது.

பிறகு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். "நீங்க போங்கோ. வண்டிக்கு நேரமாறது" என்றார்.

"இங்க என்னங்க சாமி இருக்கு? அடுத்த வண்டியும் எக்ஸ்பிரஸ்தாங்க, நிக்காதுங்களே" என்றேன்.

"அதான் பாக்கறேன்" என்றார்.

போய்விட்டோம். வேறென்ன செய்வது? திரும்பிப் பார்த்தபோது அந்த வெள்ளை ரோட்டின் ஓரத்தில் குடையை விரித்துக்கொண்டு தன்னந்தனியாக நின்றார்.

கம்பெனியின் எக்ஸ்பிரஸ்கள் மத்தியானத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஷெட்டுக்கு வந்து சேர்ந்தன. மேனேஜர் எதிலும் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு வாழைக்காய் லாரி வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கினார். வேட்டியெல்லாம் புழுதி, திருமண் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவரை அந்தக் கோலத்தில் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றோம். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அந்த வழியாக வந்த டிரைவர்களை வரிசையாகக் கூப்பிட்டார்.

"வாத்தலைக்கு முன்னாடி, ரோட்டோரத்துல யாரையாவது பாத்தேளா?"

"யாருமில்லீங்களே சாமி."

"வெள்ளை வேட்டி. கறுப்புக் குடை. ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிண்டு ஒருத்தன்."

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சத்தியமா யாருமில்லீங்க சாமி. ரோடு காலியாத்தான் கெடந்துச்சு" என்றார் ஒருவர். அவர் பொய் சொல்கிற ஆளே இல்லை. அவருடன் வந்த கண்டக்டரும் அதையேதான் சொன்னார்.

"நான் கத்தினேன்" என்றார் மேனேஜர், எங்களிடம் சொல்வது போலவும் இல்லாமல். "நம்ம வண்டி ஒண்ணொண்ணா வந்தது. குடையைப் போட்டுட்டுக் கத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால மூஞ்சியெல்லாம் தெரியறது. அத்தனை பேரும் என்னைப் பாக்கறா, ஆனா ஒருத்தர் கண்ணுலயும் நான் இல்லே. பெருமாளே, நான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுத்து."

அவர் காதர் பாயின் பக்கம் திரும்பினார்.

"பாய், அந்தப் பொண்ணு கைகாட்டினாளே அன்னிக்கு. உம்ம கண்ணுல பட்டாளா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். செல்லையாவே அப்படித்தான் நம்பியிருந்தார். பாய் தலைக்குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் வாய் கோணிக்கொண்டது.

"பாத்தேன் சார். நல்லாப் பாத்தேன். நீல சேல. கையத் தூக்கினது, வாயத் தொறந்து கூப்புட்டது, எல்லாம் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்" என்று சொல்லி, அவ்வளவு பேர் முன்னால் குழந்தை மாதிரி அழுதார்.

மேனேஜர் அவர் அழுது முடிக்கும் வரை நின்றார். பிறகு, "சாவியை நீரே வச்சுக்கும். பாக்கத் தெரிஞ்சவர் ஒருத்தராவது ஓட்டணும்" என்றார். நாளை முதல் எல்லா எக்ஸ்பிரஸும் அந்த இடத்தில் நிற்க வேண்டும், ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கண்டக்டர் கீழே இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, குளிக்காமலே ஸ்ரீரங்கத்துக்கு நடந்து போனார்.

அதற்குப் பிறகு அந்த விசில் வந்ததா என்று கேட்பீர்கள். மறுநாள் அந்த வாழைத்தோட்டம் கண்ணில் பட்டதுமே பாய் வேகத்தைக் குறைத்தார். நான் விசிலை வாய்க்குக் கொண்டு போகவில்லை, பின்படிக்கட்டிலும் எந்தச் சத்தமும் இல்லை, அதற்குள் வண்டி நின்றுவிட்டது. நான் கீழே இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் இல்லை. பாய் இடதுபக்கமாக முழுசாகத் திரும்பி, ஆளில்லாத அந்த ஓரத்தைப் பார்த்தார். ஒருவர் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஏறியாச்சு தம்பி, ரெண்டு ஊது" என்றார்.